கிழக்குச் சுவரின் நடு யன்னல்

ஆஸ்திரேலியாவின் பரமட்டாவிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். இறங்கியபின் ஒரு சிறிய ஏற்றம். ஏற்றத்தின் முடிவில், இருபுறமும் முதிர்ந்த பைன் மரங்கள் நிற்கும் வண்டிப்பாதையின் தலைப்பில் அந்த வீடு நிற்கிறது. சனிக்கிழமைகளில் அங்கே வழிகாட்டியாகத் தொண்டு செய்யத் தொடங்கி ஏழு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. வீட்டின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நடந்ததில் அந்த வீட்டின்மேல் குற்றம் ஏதுமில்லை. பிழை முழுவதும் என்னுடையது. அதைப் பிறர் சொல்லக் கேட்பதைவிட நானே எழுதி வைப்பது முறை என்று கருதுகிறேன்.

இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் நிலப்பிரபுக்கள் எழுப்பிய மாளிகைகளை மனத்தில் வைத்து, இங்கே குடியேறிய ஒருவர் கட்டிய வீடு அது. மேலும் கீழுமாக இரண்டு தளங்கள். கையால் வார்த்த செங்கல். அதன்மேல் சுண்ணாம்புப் பூச்சு. பூச்சு ஈரமாக இருக்கும்போதே கோடு கிழித்து, தொலைவிலிருந்து பார்ப்பவருக்குச் செதுக்கிய கற்களை அடுக்கியதுபோலத் தோன்றச் செய்திருக்கிறார்கள். நடுவில் தலைவாசல், அதற்கு இடமும் வலமும் ஒரே அளவில், ஒரே எண்ணிக்கையில் யன்னல்கள். உள்ளே கற்பலகை பாவிய கூடம். கூடத்தின் முடிவில் வளைந்து ஏறும் மரப் படிக்கட்டு. கட்டியவர் இங்கிலாந்தில் அச்சான மாதிரிப் படம் ஒன்றை அப்படியே பின்பற்றினார் என்பது எங்கள் வீட்டாவணங்களில் இருக்கிறது. அந்தத் தேசத்தில் வெயில் தெற்கிலிருந்து வரும். ஆகவே விருந்தினரை அமர்த்தும் அறையைத் தெற்கு நோக்கி வைத்தார். இந்தத் தேசத்தில் வெயில் வடக்கிலிருந்து வரும் என்பதை முதற் குளிர்காலத்தில்தான் உணர்ந்திருப்பார். துணி துவைக்கும் பின்முற்றம் இதமாக இருந்திருக்கும். எசமானி பட்டு மெத்தையில் நடுங்கியிருப்பார். இதைச் சொல்லும்போது பார்வையாளர்கள் தவறாமல் சிரிப்பார்கள். வழிகாட்டிக்கு உரிய அளவோடு நானும் சிரிப்பேன்.

பயிற்சிக்காக முதன்முதல் போன நாளில், எங்கள் தொண்டர் குழுவின் தலைவி என்னை வீட்டைச் சுற்றி அழைத்துச் சென்றார். பரமட்டா நீதிமன்றத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற ஆஸ்திரேலியப் பெண்மணி. சொற்களை அளந்து பேசுபவர். கிழக்குச் சுவரின் கீழ் நின்றபோது நான் மேலே பார்த்தேன். மேல்தளத்தில் மூன்று யன்னல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுக்கே கண்ணாடி இருந்தது. நடுவில் யன்னலின் வடிவம் மட்டும்: கீழே கல் விளிம்பு, மேலே வளைவு, நடுவே சுவரோடு சுவராகப் பூசிய ஒரு பள்ளம்.

"இதை ஏன் அடைத்தார்கள்?" என்று கேட்டேன்.

"தெரியவில்லை" என்றார் அவர். "யாரும் கேட்டதில்லை."

எனக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் மிசன் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு வயதில் படித்தது. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் வீட்டிலுள்ள யன்னல்களை எண்ணி அரசு வரி வாங்கியது. வரிக்கு அஞ்சியவர்கள் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். எங்கள் கல்லூரியில் அந்நாளில் கற்பித்த சரித்திரம் இங்கிலாந்தின் சரித்திரம். அரசர்களின் வரிசையை நாங்கள் தலைகீழாகவும் சொல்வோம். பிறகு முப்பது ஆண்டுகள் சரித்திர ஆசிரியனாக நானும் அதைக் கற்பித்திருக்கிறேன். பள்ளியில் உப அதிபராகவும் இருந்திருக்கிறேன். ஆனால் அடைத்த யன்னல் ஒன்றை என் கண்ணால் கண்டதில்லை. அன்றுதான் கண்டேன். ஏட்டில் அறுபது ஆண்டுகளாகக் காத்திருந்த ஒரு செய்தி என் தலைக்கு மேலே சுவரில் நின்றது.

நான் விளக்கினேன். அந்த அம்மையார் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அந்தக் கணம் எனக்கு எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த நகரில் வங்கியிலும் மருந்தகத்திலும் இளம் பிள்ளைகள் என்னிடம் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பேசுவார்கள். படிவத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று எட்டிப் பார்ப்பார்கள். அந்த வீட்டில் மட்டும், கழுத்துப் பட்டி கட்டி நிற்கும் என்னிடம், அவர்களுடைய பாட்டன்மாரின் தேசத்தைப் பற்றி அவர்களே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்த ஆண்டுக்குள் எங்கள் வழிகாட்டிகள் அனைவரும் கிழக்குச் சுவரின் கீழ் நின்று யன்னல் வரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினர். அறிமுகக் கையேட்டில் அது ஒரு பத்தியாக ஏறியது. தமிழ்ப் பார்வையாளருக்கென நான் எழுதிய கையேட்டில் இரண்டு பத்திகளானது.

அந்தச் சுவருக்கு உட்பக்கம், மேல்தளத்தில், ஒரு சிறிய உடைமாற்றும் அறை உண்டு. யன்னல் இல்லாத இருட்டறை. பழைய கதிரைகளையும் துடைப்பங்களையும் அங்கே போட்டு வைத்திருந்தோம். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அமர்ந்து படம் வரைய ஓர் அறை வேண்டும் என்பது தலைவியின் நெடுநாள் ஆசை. அடைத்த யன்னலைத் திறந்தால் அறைக்கு வெளிச்சம் வரும், வீடும் தன் பழைய நிலைக்குத் திரும்பும் என்று குழு முடிவெடுத்தது. பாதுகாக்கப்பட்ட வீடுகளின் பட்டியலில் இருப்பதால் அங்கே ஓர் ஆணி அடிக்கவும் அனுமதி வேண்டும். விண்ணப்பம் தயாரானது. அதைப் படித்துப் பார்க்கும்படி எனக்குத் தந்தார்கள். 'இவ்வீட்டில் வழிவழியாக வழங்கும் செய்தியின்படி' என்று தொடங்கிய வாக்கியத்தில் யன்னல் வரி இருந்தது. வழிவழியாக வழங்கியது என்றால், என் வாயிலிருந்து மற்ற நால்வர் வாய்க்குப் போனதுதான். அப்போதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். மாறாக, பெருமையாக இருந்தது. ஓய்வுபெற்ற உப அதிபர் என்று குறிப்பிட்டு, கையொப்பமிட்டு, ஆதரவுக் கடிதம் ஒன்றும் இணைத்துக் கொடுத்தேன்.

முதற்படிக்கு அனுமதி வந்தது. பள்ளத்தின் பூச்சை ஓரிடத்தில் மட்டும் சுரண்டிப் பார்ப்பது. எல்லாம் சரியென்றால் திறப்பது. சுவரோரம் சாரம் எழுந்தது.

அந்தச் சனிக்கிழமை மதியம், சாரத்தின் அடியில் ஒருவர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். முழங்கைவரை சுண்ணாம்பு. பாத்திரத்தில் இடியப்பமும் சொதியும். பழைய கட்டடங்களைத் திருத்தும் நிறுவனம் ஒன்றின் மேசன் அவர்.

"நீர் எந்த ஊர்?" என்று கேட்டேன்.

எழுந்து நின்றார். "இப்ப இஞ்ச பிளக்ரவுண், சேர்."

"அதைக் கேக்கேல்லை."

"தெரியும் சேர்" என்று சிரித்தார். "ஊரைக் கேப்பியள், பிறகு அப்பாவைக் கேப்பியள். பிளக்ரவுணோட நிப்பாட்டினால் ரெண்டு பேருக்கும் சுகம்."

எங்களவர் ஒருவரை ஒருவர் எடைபோடும் வழக்கம் அது. நானும் அதற்காகவே கேட்டேன். அவரே தொடர்ந்தார்.

"சேர்தானே இந்த யன்னலைப் பற்றி எழுதினது? உங்களோட ஒரு கதை இருக்கு. குறை நினைக்கக் கூடாது."

கைத்தொலைபேசியை எடுத்து, சாரத்தின் மேலிருந்து எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். ஒரு முழம் அகலத்துக்குப் பூச்சு நீங்கி, செங்கல் தெரிந்தது.

"யன்னலைப் பிறகு அடைச்சதெண்டால், சேர், பழைய சுவருக்கும் அடைச்ச கல்லுக்கும் நடுவில மேலயிருந்து கீழ நேரா ஒரு கோடு விழும். பழசும் புதுசும் ஒட்டாது. இஞ்ச பாருங்கோ." இரண்டு விரல்களால் படத்தைப் பெரிதாக்கினார். "கல்லுகள் ஒண்டுக்குள்ள ஒண்டு கைகோத்துப் போகுது. சுவர் எழும்பேக்கையே பள்ளம் விட்டுக் கட்டியிருக்கினம். இது ஒருநாளும் யன்னலா இருந்ததில்லை."

"யன்னல் இல்லையென்றால் எதற்காக யன்னலைப் போலக் கட்ட வேண்டும்?"

"வெளியில இருந்து பாக்க மூண்டு வேணும். அழகுக்கு. உள்ளுக்கு வேற அலுவல் இருக்கு." இன்னொரு படத்தைக் காட்டினார். இரண்டு செங்கற்களுக்கு இடையே சாந்து உதிர்ந்த ஒரு துளை. அதன் விளிம்பெல்லாம் கரி. "இது புகைக்கரி. கீழ் அறையில அடுப்படி இருக்கெல்லே? அதின்ர புகைபோக்கி இந்தச் சுவருக்குள்ளாலதான் மேல போகுது."

கூரையில் இருக்கும் புகைபோக்கிகளை வாரந்தோறும் நானே சுட்டிக் காட்டுகிறவன். கிழக்குச் சுவரின் நடு உச்சியில் ஒன்று நிற்கிறது. அதன் புகை எவ்வழியாக மேலே போயிருக்கும் என்று ஒருமுறையும் கேட்டுக்கொண்டதில்லை. இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது வேறு.

"எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறீர்?"

"அங்க பதினைஞ்சு. இஞ்ச எட்டு, சேர்."

"நான் எழுதியிருப்பது சரித்திரம்."

"ஓம் சேர். உங்கட எழுத்தில நான் பிழை பிடிக்கேல்லை. சுவர் வேற சொல்லுது, அவ்வளவுதான்." பாத்திரத்தை மூடினார். "புதன்கிழமை எல்லாரும் வந்து பாப்பினம். சரியெண்டால் வியாழன் உடைக்கச் சொல்லுவினம். உடைச்சால் புகைபோக்கி பிளக்கும். மேல் சுவர் பாரம் தாங்காது. திரும்பக் கட்டலாம். ஆனா அது புதுச் சுவர். இது திரும்பி வராது."

"உம்முடைய முதலாளியிடம் சொன்னால் என்ன?"

"சொன்னனான். 'பிளானில யன்னல் எண்டு கிடக்கு, கடிதமும் கிடக்கு. எழுதின பெரியவர் உன்ர ஆள்தானே, போய் அவரோட வாதாடு' எண்டிட்டார்." தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் சாரத்தில் ஏறினார். "அதுதான் வந்தனான்."

வீடு திரும்ப ஹோம்புஷ் செல்லும் புகையிரதத்தில் என் மனத்துக்குள் அவருக்கு எதிரான வாதங்களை அடுக்கினேன். படிப்பில்லாதவர், ஆவணம் பார்க்காதவர், ஒரு முழப் பூச்சை நீக்கிவிட்டு முழு வீட்டையும் பேசுகிறவர். நிலையத்தில் இறங்கும்போது எல்லா வாதங்களும் அவரைப் பற்றியவையாக இருப்பதையும், சுவரைப் பற்றி ஒன்றும் இல்லாததையும் கவனித்தேன்.

வீட்டில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொழும்பிலும் இங்கேயும் தாதியாக இருந்தவள். சுற்றி வளைப்பது அவளுக்குப் பிடிக்காது. நடந்ததைச் சொன்னேன்.

"என்னப்பா, அந்த வரிக் கதையை உங்களுக்கு ஆர் சொன்னது?"

"படிச்சது."

"இந்த வீட்டைப் பற்றியோ படிச்சனீங்கள்?"

"இங்கிலாந்தைப் பற்றி."

"அப்ப இங்கிலாந்துக்குப் போய்ச் சொல்லுங்கோவன்" என்றாள், கீரையிலிருந்து தலை நிமிராமல்.

திங்கட்கிழமை பரமட்டா நூலகத்துக்குப் போனேன். காலை பத்து மணி முதல் இரண்டு வரை ஒரே மேசையில் இருந்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு வாக்கியம்: யன்னல் வரி இந்தக் குடியேற்றத்திலும் வசூலிக்கப்பட்டது என்று ஏதாவது ஒரு நூல் சொல்ல வேண்டும். எந்த நூலும் சொல்லவில்லை. அந்த வரி பிரித்தானியத் தீவுகளை விட்டுக் கப்பல் ஏறவே இல்லை. இங்கே வீடு கட்டியவர் விரும்பினால் சுவர் முழுவதும் யன்னல் வைத்திருக்கலாம். அவரை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். தெற்குத் திசையை நம்பி விருந்தறையைக் குளிரில் வைத்தவரை ஏழு ஆண்டுகளாகச் சபையில் நிறுத்திச் சிரித்திருக்கிறேன். அவர் படத்தைப் பார்த்துக் கட்டினார். நான் பாடப்புத்தகத்தைப் பார்த்துப் பேசினேன். அவராவது தன் சொந்த வீட்டில் செய்தார்.

அன்று மாலை கடிதம் எழுத உட்கார்ந்தேன். எனக்குக் கடிதம் எழுதத் தெரியும். 'அண்மையில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வுகளின்போது தெரியவந்துள்ள சில சான்றுகளின் அடிப்படையில், முன்னர் கொண்டிருந்த கருத்து மீள்பரிசீலனைக்கு உரியதாகிறது' என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி. படிக்க நன்றாக இருந்தது. மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"இதில நீங்கள் எங்க இருக்கிறியள்?"

"எங்கும் இல்லை. அலுவல் கடிதம் அப்படித்தான் எழுதுவது."

"பிழை விட்டது ஆர் எண்டு இதில இல்லை. கண்டுபிடிச்சது ஆர் எண்டும் இல்லை." தாளைத் திருப்பித் தந்தாள். "வாட்டில மருந்து மாறிக் குடுத்தால் நாங்கள் இப்பிடியே எழுதுறது? 'நான் குடுத்தனான்' எண்டு எழுதவேணும். இல்லாட்டி அடுத்த நேர்ஸும் அதையே குடுப்பாள்."

கடிதத்தைக் கிழித்தேன்.

இரண்டு நாட்களும் என்னை அரித்தது அச்சம்தான். என்னை ஒரு சொல்லுக்கு உரிய மனிதனாக மதிக்கும் இடம் இந்த நாட்டில் எனக்கு அது ஒன்றே. அங்கே போய், ஏழு ஆண்டுகள் பொய் சொன்னேன் என்று நானே சொன்னால், பிறகு எந்த முகத்தோடு தலைவாசலில் நின்று பார்வையாளரை வரவேற்பது? சொல்லாமல் விட்டாலோ, வியாழக்கிழமை ஒரு சுவர் உடையும். அது என் கையொப்பத்தின் பேரில் உடையும். ஒருவேளை புதன்கிழமை பார்வையிட வரும் கட்டடக்கலைஞர் தாமே பார்த்துத் தடுத்துவிடக் கூடும் என்ற எண்ணமும் வந்தது. அப்படி நடந்தால் நான் வாயே திறக்க வேண்டியதில்லை. அந்த எண்ணத்தோடு சற்று நேரம் குடியிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை காலை அந்த இருட்டறையில் ஐந்து பேர் நின்றோம். தலைவி, பாரம்பரியக் கட்டடங்களைப் பார்வையிடும் துறையிலிருந்து வந்த கட்டடக்கலைஞர், நிறுவனத்தின் முதலாளி, மேசன், நான். துடைப்பங்களை வெளியே எடுத்து வைத்திருந்தார்கள். கட்டடக்கலைஞர் கையில் விண்ணப்பம் இருந்தது. என் கடிதம் மேலாக இருந்தது.

அவர் வாய் திறக்குமுன் நான் பேசினேன்.

"இந்த யன்னல் வரிக்காக அடைக்கப்பட்டது என்ற செய்தி இந்த வீட்டில் வழிவழியாக வந்தது அல்ல. அதைத் தொடங்கியவன் நான். இங்கிலாந்தின் சரித்திரத்தை வைத்து, எந்த ஆதாரமும் பார்க்காமல், உறுதியாகச் சொல்லிவிட்டேன். அந்த வரி இந்த நாட்டில் இருந்ததே இல்லை. என் கடிதத்தை மீளப் பெற்றுக்கொள்கிறேன். இந்தச் சுவரைப் படித்தவர் இவர். இவர் சொல்வதைத் தயவுசெய்து கேளுங்கள்."

மேசன் என்னைப் பார்த்தார். அவருடைய ஆங்கிலம் வேலைக்குப் போதுமானது, விளக்கத்துக்கு இடறும்.

"சேர், நீங்கள் சொல்லுங்கோ. நான் காட்டுறன்."

"நீங்கள் தமிழில் சொல்லுங்கள், நான் ஆங்கிலத்தில் சொல்கிறேன்" என்றேன். சனிக்கிழமை 'நீர்' என்றவன் புதன்கிழமை 'நீங்கள்' என்றதை அவர் கவனித்திருப்பார். ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

கைகோத்த செங்கற்களையும் கரியையும் அவர் விளக்கினார். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். பிறர் சொல்லைப் பிசகாமல் எடுத்துச் செல்வது எவ்வளவு கடினம் என்பது அந்த வயதில் எனக்குப் புதிய பாடம். முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு, கரி எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்றார்.

"அப்ப கூரைக்கு ஏறுறன்" என்றார் மேசன். "நீங்கள் எல்லாரும் மேல் சாரத்துக்கு வாங்கோ. சேர் மட்டும் ஏற வேண்டாம்."

"நான் ஏறுவேன்."

"விழுந்தால் அன்ரி என்னைக் கொல்லுவா."

அவர் என் மனைவியைக் கண்டதே இல்லை. இருந்தாலும் அவரது கணிப்பு சரியானது. நான் பக்கத்து அறையின் யன்னல் வழியே தலையை நீட்டிப் பார்த்தேன். சாரத்தின் பலகை இரண்டடி தள்ளியே இருந்தது. தலைவியும் கட்டடக்கலைஞரும் அந்தப் பொய் யன்னலின் முன் குனிந்து நின்றார்கள். கூரையின்மேல் மேசன் ஒரு சிறிய மின்விளக்கை நீண்ட கயிற்றில் கட்டி, புகைபோக்கியின் வாய்க்குள் மெல்ல இறக்கினார். வெளிச்சம் குறையட்டும் என்று முதலாளி தம் மேற்சட்டையைக் கழற்றி அந்தத் துளையைச் சுற்றிக் கூடாரம்போலப் பிடித்தார். கயிறு கல்லில் உரசும் ஓசை சுவருக்குள்ளிருந்து கேட்டது.

"ஓ" என்றார் கட்டடக்கலைஞர்.

சாந்து உதிர்ந்த துளைக்குள் ஒளி வந்தது. மேலிருந்து இறங்கி, ஒரு கணம் நின்று, கீழே போனது. முதலாளி தாமும் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு கூரையை நோக்கிப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். கட்டடக்கலைஞர் நிமிர்ந்தபோது அவர் மூக்கின் நுனியில் கரி இருந்தது. "இதை நாம் உடைத்திருப்போம்" என்று மட்டும் சொன்னார்.

விண்ணப்பம் அங்கேயே மீளப் பெறப்பட்டது. தலைவி என் பக்கம் திரும்பினார். நீதிமன்றத்தில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றேன்.

"ஏழு வருடமாக நானும் இதைத்தான் சொல்லி வருகிறேன்" என்றார். "இங்கிலாந்தில் இருக்கும் என் அண்ணனுக்கும் எழுதினேன். அவனும் நம்பிவிட்டான். இனி அவனுக்கு நான் கடிதம் எழுத வேண்டும். அது உங்கள் தண்டனை அல்ல, என்னுடையது." பிறகு என் கையை ஒருமுறை பற்றி விட்டார். "சனிக்கிழமை வருவீர்கள் அல்லவா?"

வருவேன் என்றேன்.

பிள்ளைகளுக்கான அறைதான் மிச்சமாக நின்றது. மறுபடி நாங்கள் அந்த இருட்டறைக்கு வந்தோம். இனி வெளிச்சத்துக்கு என்ன வழி என்று கட்டடக்கலைஞர் கேட்டார். யாருடைய கண்ணையும் பார்க்க விரும்பாமல் நான் கதவுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். அறைகளுக்கு வெளியே ஓடும் அந்த நடையில் உள்ள மற்றக் கதவுகளுக்கெல்லாம் மேலே அரைவட்டக் கண்ணாடி உண்டு. நடையின் கூரையிலுள்ள கண்ணாடி வழியே வரும் வெளிச்சம் அதன் ஊடாக அறைகளுக்குள் விழும். இந்தக் கதவுக்கு மேலே வெள்ளை அடித்த வெறும் பலகை. அதன் ஓரம் சுவரிலிருந்து ஒரு விரல் அளவு துருத்தியிருந்தது. எத்தனையோ முறை துடைப்பம் எடுக்க வந்திருக்கிறேன், பார்த்ததில்லை.

"நான் இனி எதையும் உறுதியாகச் சொல்ல அஞ்சுகிறேன்" என்றேன். "ஆனாலும் அந்தப் பலகையை இவர் ஒருமுறை பார்த்தால் நல்லது."

மேசன் சிறு ஏணியில் ஏறி, பலகையின் ஓரத்தில் மெல்லிய கத்தியைச் செருகி, உள்ளே விளக்கடித்தார். நாங்கள் காத்திருந்தோம்.

"கண்ணாடி இல்லை, சேர். ஆனா மரச் சட்டம் அப்பிடியே கிடக்கு. ஆரோ பிறகு பலகை அடிச்சு மூடியிருக்கினம்." கீழே பார்த்துச் சிரித்தார். "இது அடைச்சதுதான்."

அதற்கு அனுமதி பெறுவது எளிதாயிற்று. பலகையைக் கழற்றினால் சுவரில் ஒரு கீறலும் விழாது. கண்ணாடி பொருத்தியதும் அறைக்குள் நடையின் வெளிச்சம் தாராளமாக வந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிள்ளைகள் இப்போது அங்கே நீளமான மேசையைச் சுற்றி அமர்ந்து வரைகிறார்கள். கிழக்குச் சுவரை வெளியே பார்த்துவிட்டு வந்து வரையும் பிள்ளைகள், சொல்லிக் கொடுத்தும் கேளாமல், நடு யன்னலுக்கும் கண்ணாடி போட்டுவிடுகிறார்கள். கட்டியவர் விரும்பியதும் அதைத்தான்.

கையேட்டை முழுவதும் திருத்தி எழுதும்படி தலைவி என்னிடமே கொடுத்தார். வேறொருவரிடம் கொடுத்திருந்தால் நான் அதைப் புரிந்துகொண்டிருப்பேன். வாங்கிய கையோடு பழைய கையேட்டை மேசையில் விரித்தேன். ஒவ்வொரு வாக்கியத்தையும் எனக்கு யார் சொன்னார் என்று கேட்டுப் பார்த்தபோது பாதிக்கு மேல் பதில் இல்லை. மேசனுக்குத் தொலைபேசினேன். அடுத்த சனிக்கிழமை, தம் விடுமுறை நாளில், சுண்ணாம்பு இல்லாத சட்டை அணிந்து வந்தார். காலை ஒன்பது மணி. வீடு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"இன்னும் எத்தனை பிழை சொல்லியிருக்கிறேன் என்று பார்க்க வேண்டும்" என்றேன்.

"நேரம் இருக்கோ சேர்?" என்று கேட்டுவிட்டு, என் கையிலிருந்த கையேட்டை வாங்கி, தமிழ்ப் பக்கத்தை நிதானமாகப் படித்தார். முன்வாசலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். "முன்வாசல் தூண் நாலும் கல்லெண்டு எழுதியிருக்கிறியள்."

"கல்தானே?"

"தட்டிப் பாருங்கோ."

விரல் முட்டியால் தட்டினேன். உள்ளே வெறுமையாக, மரப்பெட்டியைத் தட்டினாற்போல ஓசை வந்தது. மரத்தைத் தூணாக இழைத்து, வண்ணம் ஈரமாக இருக்கும்போது மணல் தூவிக் கல்லைப்போல ஆக்கியிருக்கிறார்கள் என்றார். பையிலிருந்து பேனாவை எடுத்து, 'கல்' என்ற சொல்லை வெட்டிவிட்டு, மேலே 'மரம்' என்று எழுதினேன். அதற்குப் பக்கத்தில் யார் சொன்னார் என்பதையும் எழுதினேன்.

"மற்றத் தூணையும் தட்டட்டோ?" என்றேன்.

"எல்லாத்தையும் தட்டுங்கோ, சேர்."